புதுத் தோல் வருமா, டீச்சர்?



நெடுநாளாக எழுத எண்ணித் தள்ளிப் போட்டு வந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். நேரமின்மையைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். இதில் என் தவறும் அடங்கியிருக்கிறது. அதனால்தான் இத்தனை தயக்கம். பிறர் குறையைச் சுட்ட விரல் விரைந்து நீள்கிறது. நம் குறையை எழுத வரும்போதுதான் விசைப்பலகை கனக்கிறது!

சில ஆண்டுகளுக்கு முன் என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது, தீபாவளிக்கு முன்தினம், வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த எண்ணெய்ச் சட்டி அவன்மேல் கவிழ்ந்துவிட்டது. கழுத்தின் ஒரு பக்கம், மார்பு, வலக்கை முழுவதும் வெந்துபோயின. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால், தழும்புகள் தடித்து, முழங்கை முழுதாக நீளாமல் இருந்தது. நீண்ட கைச் சட்டையைக் கழுத்து வரை பொத்தானிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்திருப்பான்.

ஒருநாள் அறிவியல் பாடத்தில், நாளிதழில் படித்த செய்தி ஒன்றை ஆர்வத்தோடு வகுப்பில் சொன்னேன். "இப்பொழுதெல்லாம் மனிதத் தோலை ஆய்வுக்கூடத்திலேயே வளர்க்கிறார்கள். தீக்காயம் பட்டவர்களுக்குப் புதுத் தோல் கிடைக்கிறது" என்றேன். அவன் முகம் மலர்ந்ததைக் கண்டேன். பாடம் முடிந்ததும் என் மேசையருகே வந்தான்.

"டீச்சர், அந்தத் தோலு எனக்கும் கிடைக்குமா? முன்ன இருந்த மாதிரியே வருமா?"

"கண்டிப்பா வரும்பா" என்றேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். அவன் நாள் முழுவதும் அணிய வேண்டிய, உடலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையைக் கழற்றி எறிந்துவிட்டானாம். கைக்கான பயிற்சியையும் நிறுத்திவிட்டானாம். "புதுத் தோலு வரப் போவுது, இது எதுக்கு?" என்று கேட்கிறானாம். அந்தத் தாய் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. "டீச்சர், நாங்க சொன்னா கேக்க மாட்டான். நீங்க சொன்னதை வேதவாக்கா எடுத்துக்கிட்டான்" என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால்கூட எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பேச்சினூடே இன்னொன்றும் சொன்னார். "ஒட்டுன இடத்துல வேர்வை வராதாம் டீச்சர். வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வேணாம்னு டாக்டரு சொன்னாரு." குறுக்கோட்டப் பயிற்சியின்போது அவன் திடலோரம் உட்கார்ந்துவிட்டதும், "சோம்பேறித்தனம்!" என்று நான் அவனைக் கடிந்துகொண்டதும் நினைவுக்கு வந்தன. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் இதைப் பற்றி முறையாகப் படிக்கத் தொடங்கினேன். நான் அறிந்தவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஆழமான காயம் ஏன் தானாக ஆறுவதில்லை?

நம் தோல் இரண்டு முக்கிய அடுக்குகளைக் கொண்டது. மேலே மெல்லிய மேல்தோல்; அதன்கீழ் தடித்த அடித்தோல். மேல்தோல் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. சிராய்ப்பு ஏற்பட்டால் சில நாள்களில் மூடிக்கொள்கிறதே, அதற்குக் காரணம் மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் பதுங்கியிருக்கும் உயிரணுக்கள் பெருகி மேலே பரவுவதுதான். அடித்தோல் அப்படிப்பட்டதன்று. கொலாஜன் இழைகளால் நெய்யப்பட்ட அந்த அடுக்குதான் தோலுக்கு வலிமையும் நெகிழ்ச்சியும் தருகிறது. இரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் மயிர்க்கால்களும் அதில்தான் இருக்கின்றன.

கொதிக்கும் எண்ணெய் அடித்தோல் முழுவதையும் அழித்துவிட்டால், விதைநெல்லும் சேர்ந்து எரிந்துபோன வயலைப் போலாகிவிடுகிறது. காயத்தின் ஓரங்களிலிருந்து மட்டுமே தோல் மெல்ல வளர்ந்து வர முடியும். அகன்ற காயமாக இருந்தால் அதற்குள் கிருமித் தொற்று முந்திக்கொள்ளும். உடல் அவசர அவசரமாகத் தழும்பால் இட்டு நிரப்பும், தழும்போ சுருங்கும், சுருங்கும்போது மூட்டையும் சேர்த்து இழுக்கும்.

இதற்கு இன்றளவும் முதன்மையான மருத்துவம், நோயாளியின் நல்ல தோலிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றைச் சீவியெடுத்து ஒட்டுவதே. எடுத்த இடம் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆனால், உடலின் பெரும்பகுதி வெந்துபோனவருக்கு எங்கிருந்து எடுப்பது? ஆய்வுக்கூடத் தோலுக்கான தேடல் இக்கேள்வியிலிருந்து பிறந்தது.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் ஆகிய இருவரும் மனித மேல்தோலின் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் பெருக்கும் வழியைக் கண்டறிந்தனர். அவ்வுயிரணுக்கள் தனியே வளர மறுத்தன. பெருக்கமடையாதவாறு செய்யப்பட்ட சுண்டெலி உயிரணுக்களைத் துணையாக இட்டபோதுதான் செழித்தன. சிறு துண்டுத் தோல் மூன்று நான்கு வாரங்களில் ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் பெருகியது.

இதன் பயன் 1983-இல் உலகுக்குத் தெரிந்தது. உடலின் 95 விழுக்காட்டுக்கும் மேல் தீக்காயமுற்ற ஐந்து, ஆறு வயதுச் சகோதரர் இருவரைப் பாஸ்டன் நகரத்தில் இம்முறையால் காப்பாற்றினார்கள். எஞ்சியிருந்த சிறிதளவு நல்ல தோலிலிருந்து வளர்த்த மேல்தோலே அவர்கள் உடலின் பாதியளவை மூடியது. 1984-இல் இது மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது.

ஆயினும், அது மேல்தோல் மட்டுமே. காகிதம் போன்றது, எளிதில் கொப்புளித்து உரியக்கூடியது. அடித்தோலுக்கு என்ன வழி? அறுவை மருத்துவர் ஜான் பர்க், பொறியியலாளர் இயானிஸ் யன்னாஸ் ஆகிய இருவரும் இதற்கு விடை தேடினர். மாட்டின் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் சேர்த்து, நுண்துளைகள் நிறைந்த ஓர் ஏட்டைச் செய்தார்கள். அதன்மேல் சிலிக்கோன் உறை. கட்டடம் எழுப்பும்போது மூங்கிலால் சாரம் கட்டுகிறோமல்லவா? அதுபோல்தான் இதுவும். நோயாளியின் உயிரணுக்களும் இரத்தக் குழாய்களும் அந்தச் சாரத்துள் நுழைந்து புதிய அடித்தோலை அமைக்கின்றன. சாரம் மெல்லக் கரைந்துபோகிறது. பின்னர் சிலிக்கோன் உறையை அகற்றிவிட்டு மெல்லிய மேல்தோலை ஒட்டுகிறார்கள். 1981-இல் வெளிவந்த இம்முயற்சியே பின்னர் 'இன்டெக்ரா' என்னும் பெயரில் 1996-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது.

மூன்றாவது வகை, இரண்டு அடுக்கும் உயிரணுக்களும் கொண்டது. 'அப்லிகிராஃப்' என்பது 1998-இல் ஆறாத கால் புண்ணுக்கும், 2000-இல் நீரிழிவுப் பாதப் புண்ணுக்கும் ஒப்புதல் பெற்றது. இதிலுள்ள உயிரணுக்கள் நோயாளியுடையவை அல்ல. பிறந்த குழந்தைகளுக்கு விருத்தசேதனம் செய்யும்போது அகற்றப்படும் தோலிலிருந்து வளர்க்கப்பட்டவை. இவை நிலைத்துத் தங்குவதில்லை. வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து, உறங்கிக் கிடக்கும் புண்ணைத் தட்டி எழுப்பிவிட்டு மறைந்துவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் ஒரு முயற்சி நடந்தது. 1992-இல் உடலின் பெரும்பகுதி வெந்த நிலையில் ஒருவர் டாக்டர் பியோனா வூட் பணியாற்றிய மருத்துவமனைக்கு வந்தார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர்! தோலேடு வளரும்வரை காத்திருக்கும் வாரங்கள்தாம் நோயாளிக்குப் பகை என்பதை உணர்ந்த வூட், உயிரணுக்களைக் கரைசலாக்கிக் காயத்தின்மேல் தெளிக்கும் முறையை உருவாக்கினார். 2002-இல் பாலித் தீவுக் குண்டுவெடிப்பில் சிக்கிய 28 பேருக்கு அவர் தலைமையிலான குழு மருத்துவம் பார்த்தது.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் திசுப் பொறியியல் மையம், நோயாளியின் சொந்த உயிரணுக்களையும் அவருடைய இரத்தத்திலிருந்தே பெறும் ஃபைப்ரினையும் கொண்டு 'மைடெர்ம்' என்னும் இரண்டடுக்குத் தோலை உருவாக்கியிருக்கிறது. மாட்டுப் பொருள், பன்றிப் பொருள் என்றால் தயங்கும் பல சமயத்தார் வாழும் நாட்டில், சொந்த இரத்தத்திலிருந்தே சாரத்தை அமைப்பது எவ்வளவு பொருத்தம்! பிற வகைகளைப் பயன்படுத்த நேர்ந்தால், அது எதனால் ஆனது என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்வது அவர்கள் கடமை.

2015-இல் ஜெர்மனியின் போஹும் நகரில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். தொட்டாலே தோல் உரியும் பிறவி நோயால் உடலின் பெரும்பகுதித் தோலை இழந்திருந்த ஏழு வயதுச் சிரியச் சிறுவனுக்கு, அவனது உயிரணுக்களின் மரபணுவைத் திருத்தி, அவற்றிலிருந்து வளர்த்த மேல்தோலால் உடலின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மூடினார்கள். இத்தாலியின் மொடேனா நகர அறிவியலாளர் மிக்கேலே டி லூகாவின் குழு அத்தோலை வளர்த்தது. 2017-இல் இச்செய்தி வெளிவந்தபோது அச்சிறுவன் பள்ளிக்குத் திரும்பியிருந்தான்.

வளர்த்த தோலால் இயலாதவை

வியப்பு ஒருபுறம் இருக்கட்டும். என் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை என்ன? "முன்ன இருந்த மாதிரியே வருமா?"

வராது. இதுதான் உண்மை.

மருத்துவமனைகளில் இன்று பயன்படும் எந்தத் தோல் மாற்றும் முழுத் தோலன்று. அவற்றில் வியர்வைச் சுரப்பி இல்லை, மயிர்க்கால் இல்லை, எண்ணெய்ச் சுரப்பி இல்லை. நிறம் சுற்றியுள்ள தோலோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. தொடு உணர்வு குறைந்தே திரும்புகிறது. மேலும், இவை திறந்த காயத்தை மூடுவதற்காகப் பிறந்தவை. ஆறிய தழும்பை அழித்துப் பழைய உடலைத் திருப்பித் தருவதற்காக அல்ல. தழும்பின் இறுக்கத்தை அறுவை செய்து தளர்த்தும்போது அவ்விடத்தை நிரப்ப இவற்றுள் சிலவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்பது மெய்தான். அப்போதும் அது கையை நீட்ட உதவும். பழைய கையைக் கொண்டுவராது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னுமொரு சிக்கல் உண்டு. பிள்ளை வளர்கிறான், தழும்பு அவனோடு சேர்ந்து வளர்வதில்லை. ஆகவே, வளரும் பருவம் முழுவதும் மீண்டும் மீண்டும் அறுவை தேவைப்படலாம். பயிற்சியும் அழுத்த உடையும் அந்த நீண்ட பயணத்தின் துணைகள். அவற்றைத்தான் என் அரைகுறைச் சொல் பறித்துவிட்டது.

செய்தித்தாள்கள் 'செயற்கைத் தோல் கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில் போடுகின்றன. அதைப் படிக்கும் நாம் சட்டையைக் கழற்றி மாற்றுவதுபோல் நினைத்துக்கொள்கிறோம். அறிவியலை ஊட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் ஊட்டியது மாயத்தை. செய்தியின் பாதியை மட்டும் சொல்வது பொய்யினும் கெடுதி என்பேன். பொய்யைப் பிள்ளை என்றேனும் கண்டுபிடித்துவிடுவான். பாதி உண்மையை நம்பிக்கொண்டே இருப்பான்.

பள்ளி செய்ய வேண்டியவை

"ஆசிரியருக்கு எதற்கு மருத்துவம்? இது தேர்வில் வருமா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பாடத்திட்டம், பதிவேடு, புறப்பாட நடவடிக்கை என்று நம் தலைமேல் ஏற்கனவே சுமை அதிகம். ஆனால், மருத்துவமனை அப்பிள்ளையைச் சில வாரங்கள் வைத்திருக்கிறது. பள்ளி ஆறு ஆண்டுகள் வைத்திருக்கிறது. நாம் மருத்துவராக வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றை அறிந்திருந்தால் போதும்.

1. ஒட்டுத்தோலில் வியர்வை வராது. பரந்த பகுதியில் ஒட்டுப் போட்ட பிள்ளையின் உடல் நம் வெயிலில் விரைவில் சூடேறும். காலைச் சபைகூடலிலும் உடற்கல்வியிலும் நிழலும் தண்ணீரும் ஓய்வும் கொடுங்கள். அவன் உட்கார்ந்தால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். (நான் சொன்னேன்!)

2. அதற்காக விளையாட்டிலிருந்தே ஒதுக்கிவிடாதீர்கள். அசைவுதான் மூட்டு இறுகாமல் காக்கும். என்ன செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்று பெற்றோர் வழியாக மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

3. அழுத்த உடையையோ நீண்ட கைச் சட்டையையோ சீருடை விதி மீறலாகக் கருதாதீர்கள். ஆறிய தோல் கடுமையாக அரிக்கும். வகுப்பில் நெளியும் பிள்ளையை "ஆடாதே" என்று அதட்டும் முன் இதை எண்ணுங்கள்.

4. பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் முன், அவனும் பெற்றோரும் இசைந்தால், வகுப்பு மாணவர்களிடம் நடந்ததை எளிமையாகச் சொல்லுங்கள். தொற்றாது, தொடலாம், பரிதாபப்பட வேண்டாம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். பிள்ளைகளின் கேலி பெரும்பாலும் அறியாமையிலிருந்து பிறக்கிறது.

5. முதலுதவியைக் கற்பியுங்கள். தீப்புண்ணோ வெந்நீர்ப் புண்ணோ பட்டால், ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, சோயா, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். என் மாணவனின் கையில் அன்று முதலில் தடவப்பட்டது பற்பசை. அன்பால் செய்ததுதான், ஆனால், அறிந்து செய்ததன்று. இருபது நிமிடத் தண்ணீருக்கு ஒரு காசு செலவில்லை. காயம் ஆழமாகாமல் தடுப்பதில் அது எந்த ஆய்வுக்கூடத்தையும் முந்திக்கொள்ளும்.

பெற்றோர்களுக்கு இரண்டு சொற்கள்

முதலாவது, நீரிழிவு. 2023-ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் இந்தியச் சமுதாயத்தின் நிலை மற்றவர்களைவிட மோசமானது என்பதை 2019-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. உணர்விழந்த பாதத்தில் ஆணி குத்தினாலும் தெரியாது. இரத்த ஓட்டம் குறைந்ததால் புண்ணும் ஆறாது. பாதப் புண்ணுக்குத் தோல் மாற்றுகள் இருக்கின்றன என்று கேட்டு ஆறுதல் அடைந்துவிட வேண்டாம். சர்க்கரை கட்டுக்கடங்காமலும் இரத்த ஓட்டம் சீராகாமலும் இருந்தால் எந்தத் தோலும் ஒட்டாது. தாத்தா பாட்டியின் பாதங்களை அன்றாடம் பார்த்துச் சொல்லும் பொறுப்பைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். கூரிய கண்கள் அவர்களுடையவை.

இரண்டாவது, தோல் தானம். கண் தானம் பற்றிப் பேசும் நாம் தோல் தானம் என்றால் முகம் சுளிக்கிறோம். பெரும் தீக்காயம் பட்டவருக்கு, சொந்தத் தோல் வளரும்வரை காயத்தை மூடிக் காப்பது பெரும்பாலும் இறந்தவர் தந்த தோலே. உடல் அதைச் சில வாரங்களில் தள்ளிவிடும். அந்தச் சில வாரங்களில்தான் உயிர் தங்குகிறது. முதுகு, தொடை போன்ற மறைவான இடங்களிலிருந்து மெல்லிய ஏடாக மட்டுமே எடுக்கிறார்கள். இறுதிச் சடங்கில் உடலைக் காண்பவருக்கு வேறுபாடு தெரியாது. சிங்கப்பூர் பொது மருத்துவமனை தோல் வங்கி ஒன்றை நடத்துகிறது. மலேசியாவிலும் தோலைத் தானமாகத் தர உறுதியளிக்கலாம். குடும்பத்தார் கூடும் ஒரு நாளில் இதைப் பேசிப் பாருங்கள்.

மீண்டும் அந்த மாணவன்

தாயார் வந்துசென்ற மறுநாள் அவனை அழைத்து உட்காரவைத்தேன். "நான் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுப்பா" என்றேன். படித்தறிந்ததை அவனுக்குப் புரியும்படி சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

"அப்போ இந்தக் கைதானா, டீச்சர்?"

"இந்தக் கைதான். ஆனா, நல்லா நீட்டலாம், எழுதலாம், பந்து எறியலாம். அதுக்குத்தான் அந்தச் சட்டையும் பயிற்சியும்."

கதைகளில் வருவதுபோல் மறுநாளே அவன் மாறிவிடவில்லை. மூன்று நாள் என்னிடம் பேசவே இல்லை. அழுத்த உடையை மீண்டும் அணிய இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. ஐந்தாம் ஆண்டில் முழங்கைக்கு ஓர் அறுவை நடந்தது. ஆறாம் ஆண்டில் ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் முதலாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி அவன் கையைப் பார்த்து மிரண்டு நின்றாள். அவன் குனிந்து, "இது காயத்த மூடுன தோலு. ஒட்டிக்காது. தொட்டுப் பாரு" என்று கையை நீட்டினான். அவள் ஒரு விரலால் தொட்டாள். பிறகு இருவரும் வரிசையில் நின்று மீகோரேங் வாங்கச் சென்றார்கள்.

காயத்தை மூடும் வேலையை மருத்துவமும் அறிவியலும் நாளுக்கு நாள் சிறப்பாகச் செய்துவருகின்றன. அவற்றுக்கு நாம் நன்றி கூறுவோம். அந்தத் தோலோடு ஒரு பிள்ளை கூச்சமின்றி வாழும் இடத்தை அமைக்கும் வேலை நம்முடையது. அதற்கு நாம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான். "கண்டிப்பா வரும்பா" என்ற சொல்லை இப்போது நான் எளிதில் சொல்வதில்லை. "டீச்சருக்குத் தெரியலைப்பா, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

உங்கள் பள்ளியிலும் இத்தகைய பிள்ளை இருக்கலாம். அடுத்த சபைகூடலின்போது நிழலில் ஓர் இடம் ஒதுக்கிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை